பூனை படுத்திருந்த இடம்

உங்கள் டெஸ்ட் பல்பு என் எதிரில் கிடக்கிறது. போன வாரம் ஜீப்பைக் கொடுத்து அனுப்பும் முன் அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். ஹோல்டரில் ஒரு சின்ன பல்பு, இரண்டு வயர், நுனியில் நீங்கள் பல்லால் கடித்து உரித்த செம்பு. பேட்டரி அமிலத்தின் புளிப்பு வாடை அதில் இன்னும் இருக்கிறது. உங்கள் சட்டைகளிலும் அந்த வாடைதான் இருந்தது. எல்லாவற்றையும் துவைத்துவிட்டேன், புத்தி கெட்டவள்.

இந்த பல்பை வைத்துக்கொண்டு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தோம்! நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி தானாக இறங்கிக்கொண்டிருந்தது. பேட்டரியின் ஒரு முனையிலிருந்து வயரைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவில் பல்பை வைப்பீர்கள். எரிந்தால் எங்கோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். நான் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும், பல்பு அணைகிறதா என்று நீங்கள் பார்ப்பீர்கள். ஹாரன், முன்விளக்கு, வைப்பர் என்று எல்லாம் பிடுங்கியாயிற்று. அது பாட்டுக்கு எரிந்துகொண்டே இருந்தது. "எவனோ உள்ள குந்திக்கினு குடிக்கிறான்டி" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சேலையெல்லாம் கிரீஸ்.

புது பேட்டரி வாங்கிப் போட்டோம். அதுவும் இறங்கியது. அப்புறம் நீங்கள் தேடுவதையே விட்டுவிட்டு, மலையில் ஜீப் வைத்திருக்கிறவர்கள் செய்வதைச் செய்தீர்கள். வண்டியை மேட்டில், மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தால் முடிந்தது. காலையில் கல்லை எடுத்தால் வண்டி உருளும், உருளும்போது கிளட்சை விட்டால் எஞ்சின் எடுத்துவிடும். "மேடு இருக்க சொல்ல பேட்டரி இன்னாத்துக்கு?" என்பீர்கள்.

எனக்கும் அப்படித்தான் ஓட்டப் பழக்கினீர்கள். "அவசரக்காரி! கிளச்ச முன்னாடியே வுட்டுட்ற" என்று ஊர் கேட்கக் கத்துவீர்கள். நான் ஓட்டினால் ஜீப் தவளை மாதிரித்தான் கிளம்பும். பின்னால் புளி மூட்டையோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் என்னைத் திட்டித் தீர்ப்பார்கள், நீங்களும் அவர்களோடு சேர்ந்துகொள்வீர்கள்.

நம் பூனை தினமும் எஞ்சினுக்குள் போய்ப் படுக்குமே, நினைவிருக்கிறதா? காலையில் பானட்டைத் திறந்தால் டைனமோ மேல் சுருண்டு கிடக்கும். ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற அந்த உருண்டைதான் அதற்கு மெத்தை. "இன்னாடி, வூட்ல எடமே இல்லியா உனுக்கு?" என்று கேட்டுத் தூக்கிக் கீழே விடுவீர்கள். அது போய்த் திரும்பி வந்துவிடும்.

அந்த மழையில் குழாய் பதிப்பதற்காக நம் மேட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஜீப் பள்ளிக்கூடத்து மைதானத்தில், சமதரையில் நின்றது. அன்றைக்குப் பார்த்துத்தான் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. உங்களைப் பின் சீட்டில் படுக்கவைத்துவிட்டு நான் சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றது, அவ்வளவுதான். உங்கள் தம்பியும் அக்கம்பக்கத்தாரும் ஓடிவந்து தள்ளினார்கள். வேர்த்துக் கொட்டிக்கொண்டே நீங்கள் பின்னாலிருந்து சொன்னீர்கள். "செகண்ட்ல போடு. மெதுவா வுடு, மெதுவா." விட்டேன். வண்டி குலுங்கி நின்றது. மறுபடி தள்ளினார்கள், மறுபடி விட்டேன். சக்கரம் சேற்றில் இழுபட்டதே தவிர சுற்றவில்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "அவசரக்காரி" என்றீர்கள்.

நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். பிறகு உங்களைப் பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். நான் பின்னாலேயே இன்னொரு பைக்கில் வந்தேன். ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உங்கள் கை ஜில்லென்றிருந்தது.

அதன் பின் ஜீப்பை யாரும் எடுக்கவில்லை. போன மாதம் உங்கள் தம்பி வந்தார். "அண்ணி, செங்கத்துலருந்து ஜீப்பப் பாக்க ஆளு வர்றாங்க. பேட்டரிய சார்ஜ் ஏத்தி மாட்டிட்டேன். குட்த்துடலாம், நின்னு நின்னு துருதான் புடிக்குது" என்றார். சரி என்றேன். மறுநாள் பனி இறங்கிய காலையில் பானட்டைத் திறந்தேன். பூனை அதே இடத்தில் படுத்திருந்தது. தூக்கி விட்டேன். டைனமோ வெதுவெதுப்பாக இருந்தது. பூனைச் சூடு என்றுதான் முதலில் நினைத்தேன். கையை விட்டு அடிப்பக்கம் தொட்டேன். அங்கேயும் சூடு. சுற்றியிருந்த இரும்பெல்லாம் ஐஸ் மாதிரி இருக்க, மாதக்கணக்கில் ஓடாத வண்டியில் அது மட்டும் சூடாக இருந்தது.

சீட்டுக்கு அடியில் தேடி உங்கள் பல்பை எடுத்தேன். மாட்டினேன், எரிந்தது. ஃபியூஸ் எதையும் தொடவில்லை. பல்பைப் பார்த்துக்கொண்டே டைனமோவின் தடித்த வயரைக் கழற்றினேன். அணைந்துவிட்டது. அந்த வயருக்கு ஃபியூஸே கிடையாது, நேராகப் பேட்டரிக்குப் போகிறது. சார்ஜ் ஏற்றுகிறவனே குடிப்பான் என்று நமக்கு எப்படித் தோன்றும்? பூனைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

டைனமோவைப் போளூரில் கொடுத்துச் சரிசெய்து மாட்டினோம். ஜீப்பை அதே மைதானத்தில், அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னேன். தம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனாலும் நிறுத்தினார். இரண்டு நாள் கழித்துப் போய்ச் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் எடுத்தது. "எட்துக்கிச்சி பாருங்க அண்ணி!" என்று அவர் சந்தோஷப்பட்டார். நான் அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன். பழுது தெரிந்தால் மனசு ஆறும் என்று இருந்தேன். ஆறவில்லை. தெரியாமலே இருந்திருக்கலாம் என்றுதான் இருக்கிறது.

தம்பியிடம் ஒருநாள் கேட்டேன், அன்றைக்கு நான் கிளட்சை முன்னாடியே விட்டுவிட்டேனா என்று. "சேறு அண்ணி அது. யார் வுட்டிருந்தாலும் எட்த்திருக்காது" என்றார். என் ஆறுதலுக்குச் சொல்கிறார். நீங்கள் சொன்னால்தான் நம்புவேன்.

ஜீப் போய்விட்டது. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்தாலும் என் இடது கால் கிளட்சை மிதிப்பதுபோலத் தானாகத் தரையில் அழுந்துகிறது. அழுத்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறேன். அன்றும் இப்படித்தான் எடுத்தேன். மெதுவாகத்தாங்க விட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே, மெதுவாகத்தான்.