அஸுகியின் புதுப் பெட்டி

அன்புள்ள சிஹோ அக்காவுக்கு, காயோ எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய் வருகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அம்மா உனக்கு எழுதும் கடிதங்களெல்லாம் இப்படித்தான் தொடங்கும், அதனால் நானும் இப்படியே தொடங்கிவிட்டேன். ஆனால் இதை நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. என் போனை இரவுச் சாப்பாடு முடிந்ததும் அம்மா வாங்கி ஃபிரிட்ஜ் மேல் கூடையில் போட்டுவிடுகிறாள், அதில் வருவதையும் போவதையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. பக்கத்து அறையில் ஹமாகுச்சி சானின் குறட்டை கேட்கிறது. அது நின்றால் நானும் நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மறுபடி கேட்ட பிறகுதான் எழுதுகிறேன்.

விஷயம் நம் நாய் அஸுகியைப் பற்றியது. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பயந்துவிடுவாய். ஆனால் அவள் தன் பெட்டிக்குள்ளேயே மூத்திரம் போகிறாள் அக்கா. நம் அஸுகி! மழையில் நாள் முழுக்க அடைத்து வைத்தாலும் படுத்த இடத்தை நனைக்காதவள், வாஷிங் மெஷின் பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் வெள்ளை விரிப்பைப் போடும்வரை அடக்கிக்கொண்டு வாசலுக்கும் குளியலறைக்கும் நடப்பவள். அம்மா ஹமாகுச்சி சானைக் கல்யாணம் செய்துகொண்டு அவர் இங்கே குடிவந்ததும் நம் தெருச் சங்கத்தில் பேரிடர்ப் பொறுப்பு அவருக்கு வந்தது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சுனாமி ஒத்திகை. எல்லோரும் மலைமேல் பள்ளிக்கூடத்துக்கு ஏறவேண்டும். நாய்களையும் கூட்டி வரலாம், ஆனால் கதவு வைத்த கெட்டியான பெட்டியில் சத்தமில்லாமல் சுத்தமாக இருக்கிற நாயைத்தான் உள்ளே விடுவார்களாம். அஸுகியின் பழைய துணிக்கூண்டு ஆகாது என்று அவரே ஒரு புது பிளாஸ்டிக் பெட்டி வாங்கி வந்தார், சாம்பல் நிறம், கைப்பிடி வைத்தது, அம்மாவுக்குப் பரிசு கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார். நாங்கள் வெளியே போகும்போதும் ராத்திரியும் அவள் அதில் இருந்து பழக வேண்டும் என்றார். பெட்டி வந்த அன்றிலிருந்துதான் இது நடக்கிறது.

நான் ஹமாகுச்சி சானைத்தான் சந்தேகப்பட்டேன், உன்னிடம் மறைப்பானேன். அவர் அதிர்ந்து பேசமாட்டார், அதுவே எனக்குப் பயமாக இருக்கும். படகு மோட்டார் ரிப்பேர் செய்யும் வேலை, எந்த நேரத்தில் போவார் எந்த நேரத்தில் வருவார் என்று சொல்ல முடியாது. சட்டைப் பையில் எப்போதும் காய்ந்த மீன் துண்டு வைத்திருப்பார். அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்டால் அஸுகி காதை மடித்துக்கொள்வாள். போதாததற்குப் பக்கத்து வீட்டு ஒகபயாஷி அம்மா ஒருநாள் என்னைப் பிடித்து நிறுத்தி, “என்னடி, மத்தியானமானா உங்க வீட்டுக் கதவு தொறந்து மூடுற சத்தம் கேக்குது, உங்க புது அப்பாவுக்கு வீட்டுச் சோத்து மேல அவ்வளவு ஆசையா, இல்ல உங்கம்மா மேலயா” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானம் அம்மா மீன் ஆலையில் இருப்பாள், நான் பள்ளியில் இருப்பேன், வீட்டில் அஸுகி மட்டும்தான். ஆகவே அவர் வந்து ஏதோ கொடுக்கிறார், அல்லது அடிக்கிறார் என்று முடிவுகட்டினேன். அவளுடைய கிண்ணத்தை முகர்ந்து பார்த்தேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு நானே புதிதாக வைத்தேன். முதுகைத் தடவித் தடவி எங்காவது வலிக்கிறதா என்று பார்த்தேன், அவள் என் மூக்கை நக்கினாள். அம்மா அவளை மருத்துவரிடம் கூட்டிப் போனபோது நானும் போனேன். அவர் மூத்திரத்தைச் சோதித்துவிட்டுக் கிருமியும் இல்லை கல்லும் இல்லை என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, “வீட்ல புதுசா ஏதாச்சும் வந்திருக்கா?” என்று கேட்டார். அம்மா யோசிக்காமல், “ஒண்ணும் இல்லீங்க” என்றாள். நான் ஹமாகுச்சி சானை நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

அதன் பிறகு அம்மாவும் மாறிவிட்டாள். பள்ளியில் கிளப் முடிந்து நான் வருவதற்குள் துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருப்பாள், பெட்டியைத் துடைத்து வாசனைத் தண்ணீர் தெளித்திருப்பாள். ஹமாகுச்சி சான் வரும்போது எல்லாம் உலர்ந்திருக்கும். நான் ஏதாவது கேட்டால், “இதப் பத்தி அவர்கிட்ட ஒரு வார்த்த பேசினேன்னா பாரு” என்பாள். ஒருநாள் அவள் தன் அண்ணன் தெருவோ மாமாவோடு போனில் பேசியது என் காதில் விழுந்தது. சனிக்கிழமை மாமா யூசு பழத்தைச் சந்தையில் இறக்கிவிட்டு வண்டியோடு இங்கே வருகிறார், திரும்பும்போது அஸுகியை மலைக்குக் கொண்டுபோகிறார். மாமாவைக் கெட்டவர் என்று சொல்லவில்லை, ஆனால் அவருடைய நாய்களை நீயும் பார்த்திருக்கிறாய், பன்றி வேட்டைக்கு வளர்க்கிறவை, குளிரிலும் சங்கிலியில் வெளியேதான் கிடக்கும், ஒன்றின் காதை ஒன்று கடித்துக் குதறியிருக்கும். அஸுகி நம் காலடியில் படுத்துப் பழகியவள், முகத்தில் நரை வந்துவிட்டது. நான் அழுதேன். அம்மா, “ஊருக்கே வழி சொல்றவர் வீட்டு நாய் நாறுதுன்னு நாலு பேர் பேசணுமா? அவர் மொகத்த நான் எப்படிப் பாப்பேன்?” என்று என்னையே திட்டினாள்.

முந்தாநாள் ஆசிரியர்களுக்குக் கூட்டம் என்று மத்தியானத்துக்கு முன்பே எங்களை விட்டுவிட்டார்கள். அம்மாவிடம் கிளப் இருக்கிறது என்று காலையிலேயே பொய் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, படுக்கை அடுக்கும் அலமாரிக்குள் புகுந்து கதவை விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டேன். ஹமாகுச்சி சானை இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று நினைத்தேன். வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. உள்ளே வந்தது அம்மா. ஆலைத் தொப்பியைக் கூடக் கழற்றவில்லை, மூச்சு வாங்கியது, சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்திருக்கிறாள். ஏப்ரனுக்குள்ளிருந்து ஒரு வெள்ளை விரிப்பை எடுத்தாள். அதேதான் அக்கா, வாஷிங் மெஷின் பக்கத்தில் நாம் போடுவது. அஸுகியை வெளியே விட்டு, பெட்டிக்குள் இருந்த துண்டைத் தூக்கி, அதன் கீழே விரிப்பைப் போட்டு மூலைகளைத் தட்டிச் சரிசெய்து, மேலே துண்டை மூடினாள். அஸுகியின் தலையைத் தடவி, “அவர் வாங்கித் தந்ததுடா கண்ணு, நனைச்சிடாத. வந்துச்சுன்னா இதுலயே போயிடட்டும், நான் வந்து யாருக்கும் தெரியாம எடுத்துடுறேன்” என்று சொன்னாள். திட்டவே இல்லை. பிறகு அவளைப் பெட்டிக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஓடிப்போனாள்.

அப்புறம் நடந்ததையும் பார்த்தேன். அஸுகி துண்டை முகர்ந்தாள். முன்காலால் சுரண்டிச் சுரண்டி அதை ஓரத்தில் தள்ளினாள். கீழே வெள்ளை விரிப்பு தெரிந்ததும் நின்றாள். கதவுக் கம்பிக்கு வெளியே பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள், பெட்டிக்குள் இடித்துக்கொண்டே ஒரு சுற்று சுற்றினாள். பிறகு நான்கு காலும் விரிப்புக்கு வெளியே போகாதபடி குறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து மூத்திரம் போனாள். போனதும் நிமிர்ந்து வாலை ஆட்டினாள், யாராவது வந்து நல்ல பெண் என்று சொல்வார்கள் என்பது போல. யாரும் வரவில்லை. ஈரம் படாத ஓரத்தில் கதவோடு ஒட்டிக்கொண்டு படுத்தாள். அலமாரிக்குள் இருந்தபடியே எனக்குப் புரிந்துவிட்டது. அவளைத் துறைமுகத்திலிருந்து குட்டியாக எடுத்து வந்தபோது நீதானே விரிப்பில் வைத்து வைத்துப் பழக்கினாய், வேறு எங்கே போனாலும் தூக்கி அதன்மேல் விட்டு, அதில் போனால் மட்டும் கொண்டாடினாய். அவளுக்கு வெள்ளை விரிப்பு என்றால் இங்கே போ என்று அர்த்தம். படுக்கையில் போகக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். அம்மா இரண்டையும் ஒன்றாகப் போட்டு அடைத்தால் அவள் என்ன செய்வாள்?

நான் இதையும் உடனே நம்பவில்லை, சோதித்துப் பார்த்தேன். ராத்திரி படுக்கும் முன்பும் அம்மா ஒன்று விரிக்கிறாள். நேற்று அவள் தூங்கியதும் அதை உருவி என் புத்தகப் பைக்குள் ஒளித்தேன், விடிவதற்குள் திரும்ப வைத்தேன். பெட்டி காய்ந்தே இருந்தது. “இன்னிக்கு என்ன அதிசயம்” என்று அம்மா சொன்னாள். இன்று மத்தியானம் அவள் வந்து விரித்துவிட்டுப் போயிருக்கிறாள், சாயங்காலம் துண்டு கொடியில் தொங்கியது. இன்று ராத்திரியும் உருவிவிட்டேன், சற்று முன்பு கையை விட்டுப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது. சாயங்காலம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, விரிப்பு போடாம பாக்கலாமாம்மா என்று ஆரம்பித்தேன். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. “எந்த விரிப்பு? யார் சொன்னது? அவர் ஏதாச்சும் கேட்டாரா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அலமாரியில் ஒளிந்திருந்ததை எப்படிச் சொல்வது, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். “நாய்க்குப் பரிஞ்சு பேச வந்துட்டா பெரிய மனுஷி, போய்ப் படி” என்றாள்.

சாப்பிடும்போது அம்மா அவரிடம், அஸுகிக்கு வயதாகிறது, மலைக்காற்று நல்லது, அண்ணன் கேட்கிறார், அனுப்பலாம் என்று இருக்கிறேன் என்று சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னாள். ஹமாகுச்சி சான் சாப்பிடுவதை நிறுத்திக் குச்சிகளைக் கீழே வைத்தார். “நான் வந்தப்புறந்தானே அது இப்படி மொகம் குடுக்காம இருக்கு” என்றார். அம்மா சேச்சே என்றாள். அவர், “ஒருத்தரப் புடிக்கலேன்னா வழக்கமா அந்த ஆளத்தான் அனுப்புவாங்க, நாய அனுப்பிக் கேள்விப்பட்டதில்ல” என்றார். அது வேடிக்கைக்குச் சொன்னதுதான், ஆனால் யாரும் சிரிக்கவில்லை, அவருடைய காது சிவந்துபோயிருந்தது. அம்மா அவசரமாக ஒரு ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாக அவர் தட்டில் வைத்தாள். நடிக்கிறாரோ என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிடாமல் சுளைகளை எண்ணுவது போலப் பார்த்தார், எழுந்து போகும்போது பெட்டிக்கு முன்னால் குனிந்து அஸுகியிடம் ஏதோ சொன்னார், என்ன என்று காதில் விழவில்லை. அவரை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை அக்கா. ஆனால் அம்மா பயப்படுகிற மாதிரியும் அவர் இல்லையோ என்று இன்றைக்குத்தான் தோன்றியது. இந்த வீட்டில் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் எதையோ துடைத்துக்கொண்டிருக்கிறோம், நானும்தான்.

அதனால் நீ ஒன்று செய்ய வேண்டும். நான் சொன்னால் அம்மா கேட்கமாட்டாள், சிஹோ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்பவள் அவள். நாளை பள்ளிக்குப் போகிற வழியில் இதை விரைவுத் தபாலில் போட்டுவிடுகிறேன். கிடைத்ததும், சனிக்கிழமை மாமா வருவதற்குள் அம்மாவுக்குப் போன் செய். அவள் ஆலைக்குப் போகிற வழியில் கூப்பிடு, அப்போது அவர் பக்கத்தில் இருக்கமாட்டார். எடுத்தவுடன் நாயைப் பற்றிக் கேட்காதே, முதலில் அவள் மணிக்கட்டு வலியைக் கேள், மீன் வெட்டி வெட்டி இரவில் அதைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறாள். பிறகு ஒத்திகை எப்போது என்று கேள், அப்படியே பேச்சுவாக்கில், உன் ஆஸ்பத்திரியில் யாரோ ஒருத்தி வீட்டு நாய் இப்படிச் செய்தது, பெட்டிக்குள் விரிப்பு போட்டிருந்ததை எடுத்தார்கள், நின்றுவிட்டது என்று சொல். விரிப்பைப் பெட்டியிலிருந்து தூரத்தில், பழைய இடத்தில் போடச் சொல். மத்தியானம் ஓடி வருகிறவள் அஸுகியை அங்கே கூட்டிப்போனால் போதும். நான் எழுதினேன் என்று மூச்சு விடாதே. நீ கற்றுக்கொடுத்ததை அஸுகி ஒரு நாளும் மீறியதில்லை, அதற்காக அவளை மலைக்கு அனுப்பாமல் இருந்தால் போதும்.

அங்கே பனி விழ ஆரம்பித்திருக்கும், தடித்த காலுறை போட்டுக்கொள், ராத்திரி வேலை முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. அம்மா அனுப்பிய மீன் தூளைச் சோற்றில் போட்டுச் சாப்பிடு, யாருக்கும் கொடுத்துவிடாதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அஸுகியும் வேண்டிக்கொள்கிறோம். இன்னும் ஒன்று. நீ விரிப்பைப் பற்றிச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள், தன் கையாலேயே செய்தது அவளுக்குப் புரிந்துவிடும். அழுதாலும் அழுவாள். அப்போது போனை வைத்துவிடாதே அக்கா.

உன் தங்கை,
காயோ