மாஸ்டர் சபையில் திருத்திச் சொன்னது

பொகவந்தலாவை பஜார்
பெப்ரவரி 3

அன்பு மகன் திலக்ஷனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் தங்கச்சியும் இங்கே சுகமாக இருக்கிறோம், கொரியாக் குளிரில் நீயும் ஒரு தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதைத்தான் விளக்கு வைக்கும்போது கேட்கிறேன். அப்பாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது, சீனி வருத்தம் மட்டும் ஏறி இறங்குகிறது, பிளேன்டீயைச் சீனி போடாமல் குடிக்கிறார், ஆனால் சட்டைப் பையில் கித்துள் கருப்பட்டித் துண்டு இருக்கிறது, கேட்டால் அது மருந்தாம். தங்கச்சி சுதர்ஷினிக்கு அக்கரப்பத்தனைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்து போய்விட்டாள், வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு திரும்புகிறாள். காலையில் பனி கொட்டி மலையில் தேயிலைக் கொழுந்து கருகிக் கிடக்கிறது, ஆட்களுக்கு வேலை நாள் குறைந்தால் நம் கடையிலும் தெரியும், அது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதெல்லாம் போனில் சொல்லக்கூடியது. அடுத்து எழுதுவதைப் போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து விடுங்கம்மா என்பாய், நானும் விட்டுவிடுவேன், அதனால்தான் பேனா பிடித்திருக்கிறேன். நம் எதிர்க்கட்சி எம்.பி. அழகன் மாஸ்டர் நவம்பர் கடைசியில் பாராளுமன்றத்தில் பேசியதை எடுத்து நீ பேஸ்புக்கில் போட்டு, இந்த விஷயத்தை மாஸ்டருக்குக் கொடுத்தது எங்க அம்மா என்று பெருமையாக எழுதியிருந்தாய். அதற்குக் கீழே எத்தனையோ பேர் தோட்டத்து ஒபீஸ் கிளாக்கர் ஞானரட்ணத்தைத் திட்டியிருந்தார்கள், நீயும் திருடன் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தாய். தம்பி, அந்த விஷயம் சரியில்லை. சரியில்லாததைக் கொடுத்தது நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். மாஸ்டர் ஹட்டனில் டியூஷன் வைத்திருந்த காலத்திலிருந்து எனக்குத் தெரியும், பஸ் ஸ்டாண்டில் சாக்கு விரித்து நான் கரட் விற்றபோது பேரம் பேசாமல் வாங்கிய ஒரே ஆள் என்பதற்காக அப்போதே அவர்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது, இவர் எப்படிப் பிழைப்பார் என்று. எம்.பி. ஆன பிறகு பார்த்தால் ஆள் வேறு. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கிறவரால் ரோடு போட முடியாது, வேலை போட்டுக் கொடுக்க முடியாது, ஒரு விவாதத்தில் ஏழு நிமிடம் கிடைக்கும், அதில் கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். காணிக்கு உறுதிப் பத்திரம் எப்போது, பாலர் பாடசாலை டீச்சர்மாருக்கு நியமனம் எப்போது என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் மாதிரி தொண்டை கிழியக் கத்துவதில்லை. இன்ன தோட்டம், இன்ன ஆள், இன்ன திகதி என்று மூன்றையும் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார், அமைச்சருக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. அதற்காகத்தான் விவாதத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நம் கடைக்கு வந்து அரிசி மூட்டையில் உட்கார்ந்து கொப்பியில் எழுதிக்கொண்டு போவார். தோட்டத்து ஆட்கள் இருக்கும் லயத்தில் வீடுகளுக்கு இலக்கமும் இல்லை தெருப் பெயரும் இல்லை என்பதால் பாதித் தோட்டம் நம் கடை விலாசத்தைத்தான் கொடுக்கிறது, மீதிக்கு ஒபீஸ் விலாசம், பலகையில் லயத்துக்கு ஒன்றாகப் பெட்டி அடித்துக் கடிதங்களைப் போட்டுவைக்கிறேன், அதனால் யாருக்கு என்ன வந்தது வரவில்லை என்பது எனக்குத் தெரியும் என்று அவருக்கு நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

மேமலை டிவிசன் கொழுந்துக்காரி மீனம்மாவின் மகள் கிருஷாந்தி தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லிக் கடிதம் வரவில்லை என்று செப்டம்பரில் கடைக்கு வந்து கேட்டாள். மேமலைப் பெட்டியைப் பார்த்தேன், இல்லை. ஒபீசில் கிடக்கும் போய்க் கேள் என்றேன். அங்கே ஞானரட்ணம் அப்படி ஒன்று வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். பரீட்சைத் திகதி போய்விட்டது. ஒபீசில் கடிதங்கள் நாள்கணக்கில் கிடந்து வருவதை நான் கண்டிருக்கிறேன், அதனால் இதுவும் அப்படித்தான் என்று என் மனம் தீர்த்துக்கொண்டது. மாஸ்டர் வந்தபோது கிளாக்கர் மேசையில் கிடந்து போச்சு என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தி, நீங்க பாத்தீங்களாக்கா என்று கேட்டார். பாக்காம சொல்லுவேனா மாஸ்டர் என்று சொல்லிவிட்டேன். பார்க்கவில்லை தம்பி. வியாபாரத்தில் எத்தனையோ தடவை சரக்கைப் பார்க்காமலே நல்லது என்று விற்றிருக்கிறேன், அந்த வாய் அன்றைக்கும் பேசிவிட்டது.

அவர் வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் எழுந்து அதை அப்படியே பேர், இடம், திகதியோடு சொன்னார். நீ பார்த்தது அதுதான். அமைச்சர் அறிக்கை கேட்டார், கம்பனி தோட்டத்து மனேஜர் துரையைக் கேட்டது, துரை ஞானரட்ணத்தை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரணை என்றார்.

டிசம்பர் இருபதாம் திகதி கடையில் சொப்பிங் பை முடிந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் பத்தாம் நம்பர் லயம் எரிந்தது உனக்கு நினைவிருக்கும், அந்த லயத்துப் பெட்டிக்குக் கடிதம் வருவது நின்றதால் அதில் பைக் கட்டுகளை வைத்திருந்தேன். கடைசிக் கட்டை எடுத்தபோது அடியில் கிருஷாந்தியின் கடிதம் இருந்தது. தபால் முத்திரை பரீட்சைக்குப் பதினான்கு நாளைக்கு முந்தினது. அவர்கள் குடும்பம் நெருப்புக்கு முன் பத்தாம் நம்பரில் இருந்தது, பிறகுதான் மேமலையில் தற்காலிகக் கூடாரம் கொடுத்தார்கள். பழைய பழக்கத்தில் என் கை பழைய பெட்டிக்குப் போயிருக்கிறது. ஆள் இல்லாத லயத்துக்குக் கடிதம் போட்டு, மேலே பையையும் அடுக்கியிருக்கிறேன்.

கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு முதலில் மேமலைக்குப் போனேன். கிருஷாந்தி நின்றபடியே வாசித்தாள். நான் வந்து கேட்டன்னைக்கு இந்தப் பெட்டியப் பாத்தீங்களா மாமி என்று கேட்டாள். பாக்கலம்மா என்றேன். அதற்குப் பிறகு அவள் அம்மாதான் பேசினாள், பேசியதெல்லாம் சரி, எழுத மாட்டேன். அங்கிருந்து ஞானரட்ணத்தின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி இசபெல் என்னைக் கண்டு உள்ளே போய்விட்டாள். அவர் உட்காரச் சொன்னார். சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நான் எந்தக் கடுதாசியயும் சொணங்க வச்சதில்லன்னு சொல்ல மாட்டேங்க. வச்சிருக்கேன். இத மட்டும் நான் கண்ணாலயே பாக்கல. நூறு தடவ சொன்னேன், ஒருத்தரும் நம்பல” என்றார்.

அடுத்த நாள் ஹட்டனில் மாஸ்டரிடம் கடிதத்தை மேசையில் வைத்தேன். முகம் செத்துப்போயிற்று. துரையிடம் தானே பேசி ஞானரட்ணத்தை வேலையில் சேர்க்கச் சொல்வதாகவும், சபையில் சொன்னது சபையோடு இருக்கட்டும் என்றும் சொன்னார். எதிர்க்கட்சிக்காரன் ஒரு தடவை பொய் சொன்னான் என்று தெரிந்துவிட்டால் இனிமேல் எதைக் கேட்டாலும் இதுவும் கடைக் கடிதமா என்பார்கள், மற்றக் கேள்விகளும் செத்துவிடும் என்றார். அது நியாயமான பயம்தான். நான் சொன்னது இவ்வளவுதான்: “நாடே கேக்க மைக்கில சொன்னத தொர காதுல சொல்லி அழிக்க முடியாதுங்க மாஸ்டர். கடையில இருந்துச்சு, நான்தான் பொய் சொன்னேன்னு என் பேரச் சொல்லுங்க.” அவர் ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னார். வருடப் பிறப்பு, பொங்கல் எல்லாம் போனது, அவரிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. பஜாரில் விஷயம் பரவி, வெற்றிலைக் கடைச் செல்லசாமி என்னைக் கண்டால் போஸ்ட் மாஸ்டர் அம்மா வாறாங்க, வழி விடுங்க என்று ஆளைக் கூட்டிச் சிரித்தான்.

ஜனவரி கடைசியில் சபை கூடியபோது போனில் பார்த்தேன். ஏழு நிமிடத்தில் முதல் இரண்டு நிமிடத்தை மாஸ்டர் அதற்கே கொடுத்தார். இன்ன திகதியில் நான் கூறியது தவறு, கடிதம் தோட்ட அலுவலகத்தில் இருக்கவில்லை, ஒரு கடையில் இருந்தது, நான் விசாரிக்காமல் சொன்னேன், ஞானரட்ணம் அவர்களிடமும் அவர் குடும்பத்திடமும் மன்னிப்புக் கேட்கிறேன், சபை நடவடிக்கைப் புத்தகமான ஹன்சார்டில் பதிவாகட்டும் என்றார். என் பேரைச் சொல்லவில்லை. ஆளுங்கட்சி வரிசையில் ஒருவர் பருப்பு மூட்டைக்குள்ளேயா இருந்தது என்று சிங்களத்தில் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். “ஆம், கௌரவ உறுப்பினர் அவர்களே, பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில்தான். எங்கள் மக்களின் கடிதங்களுக்கு அங்கேதான் இடம் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம் எந்தத் திகதியில் தருவீர்கள் என்பதைச் சொல்லுங்கள்” என்றார். அமைச்சர் தபால் பகுதியோடு பேசி அறிவிப்பதாகச் சொன்னார், திகதி சொல்லவில்லை. அது வரும்போது வரட்டும். ஞானரட்ணத்துக்கு இந்தத் திங்கட்கிழமை வேலை திரும்பக் கிடைத்துவிட்டது.

கிருஷாந்திக்கு அந்தப் பரீட்சை போனது போனதுதான், அடுத்த தடவைக்குத்தான் போட வேண்டும், வயதில் இன்னும் இடம் இருக்கிறது. நேற்று விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள், ஒட்டுவதற்குப் பசை வாங்க. விலாசம் எழுதும் இடத்தை எனக்குத் தெரியட்டும் என்றே திருப்பிக் காட்டினாள். ஞானரட்ணம் மேற்பார்வை, தோட்ட அலுவலகம் என்று எழுதியிருந்தாள், நம் கடை விலாசம் இல்லை. நான் சரியாத்தான் எழுதியிருக்க என்று சொல்லிப் பசையைக் கொடுத்தேன்.

தம்பி, நேரத்துக்குச் சாப்பிடு, ஓவர்டைம் என்று உடம்பை அழித்துக்கொள்ளாதே, மிஷினில் கை வைக்கும்போது போனைப் பார்க்காதே. எம்பெருமான் முருகன் உன்னை நோய் அண்டாமல் காக்கட்டும், நீ தொட்டது நல்லபடி நடக்கட்டும். முக்கியமான ஒன்று, அந்தப் பதிவை அழிக்காதே, அழித்தால் திட்டியது மட்டும்தான் ஆட்கள் மனதில் நிற்கும். அதற்குக் கீழேயே, எங்க அம்மா சொன்னது பொய், நான் எழுதியது தப்பு என்று உன் பேரில் போடு. பிறகு ஞானரட்ணம் மாமாவுக்குக் கோல் எடுத்து நீயே பேசு. அம்மா சொல்லித்தான் பேசுகிறேன் என்று அவரிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜீவராணி