அந்தோனியார் படத்துக் கண்ணாடி

என் அன்பு மச்சாள்,

கொட்டாஞ்சேனை வீட்டின் முன் அறையில் இருந்து எழுதுகிறேன். மணி ஏழரை. நீங்கள் நல்ல வெளிச்சம் என்று சொல்லும் வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். மூன்று நாளாய் இதே நேரத்தில் இதே மேசைக்கு வந்து உட்காருகிறேன். மூன்று நாளும் உங்களை விளித்ததற்கு அப்பால் பேனா நகரவில்லை.

உங்களைப் பொரளையில் அடக்கம் செய்து ஐந்து மாதமாகிறது. சொல்ல வேண்டியதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சாமியார் மன்னிப்பும் தந்தார். ஆனால் அது மூடிய கூண்டுக்குள் சொன்னது. உங்கள் பெயர் கெட்டது ஊர் நடுவில். அதனால் இந்தக் கடிதத்தைப் பங்குப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். தெரிந்தவர்கள் எல்லோரும் படிக்கட்டும்.

உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்: நீங்கள் என் காலஞ்சென்ற கணவரின் அக்கா. மணமுடிக்கவில்லை. வெள்ளவத்தையில் பெண்பிள்ளைகளின் விடுதி ஒன்றைப் பார்த்து வந்தீர்கள். ஓய்வு நாட்களில் கமராவையும் அதன் முக்காலியையும் சுமந்துகொண்டு போய்க் காட்டுப் பறவைகளைப் படம் பிடித்தீர்கள்.

அந்த நாளில் எனக்கு அது பெரிய மானக்கேடு. துறைமுகக் கந்தோரில் தலைமை எழுத்தராக இருந்தவரின் அக்கா, சேலையைச் சொருகிக்கொண்டு சேற்றில் குந்தியிருக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தேன். ஆனாலும் ஒரு முறை உங்களோடு வந்தேன், நினைவிருக்கிறதா? பெல்லன்வில வயல்வெளிக்கு. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, வெள்ளைக் குடை.

"என்ன பிலோ, பூசைக்கோ வெளிக்கிட்டனீ?" என்று கேட்டீர்கள்.

"வெளியில போறதெண்டால் ஒழுங்காய்த்தானே உடுக்க வேணும், மச்சாள்."

"ஒழுங்குதான். ஆனால் உன்னைக் கண்டால் இந்த வயல்ல ஒரு கொக்கும் நிக்காது. தங்களிலும் பெரிய கொக்கு வந்திட்டுதெண்டு ஓடிப்போயிடும்."

நீங்கள் சொன்னபடியே எல்லாம் பறந்துவிட்டன. பிறகு ஒன்றரை மணி நேரம் வரம்பில் இருந்தோம். நான் குடையை மடித்தேன், விரித்தேன், நுளம்பை அடித்தேன், நேரத்தைக் கேட்டேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னீர்கள்: "கொன்வென்ட் மதர்மார் உனக்குப் பூவேலை, பியானோ எல்லாம் படிப்பிச்சினம். சும்மா இருக்கிறதை மட்டும் ஒருத்தரும் படிப்பிக்கேல்லைப் போல."

அன்றைக்குத்தான் அந்தத் தாமரைக்கோழி வந்தது. தாமரை இலைகளின் மேல் தண்ணீர் அலுங்காமல் நடந்தது. நீண்ட கறுப்பு வால். வருடத்தில் சில மாதங்கள்தான் அந்த வால் இருக்கும், மற்றக் காலத்தில் அதைச் சாதாரணக் கோழி என்றே நினைப்பார்கள் என்று பிறகு சொன்னீர்கள். வெயில் உங்கள் முதுகில் இருந்தது. உங்கள் நிழல் நேராகப் பறவையை நோக்கி நீண்டிருந்தது. அது ஒரு காலைத் தூக்கி நின்ற கணத்தில் நீங்கள் மூச்சை நிறுத்தியதை நான் கேட்டேன்.

உங்கள் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. விடுதிப் பிள்ளைகளின் பழைய கணக்குக் கொப்பி. அதில் இடமும் மாதமும் மணியும். வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடம்: வற்று நேரம், முதல் ரயில் போன பிறகு. ரயிலுக்கு முன் போனால், அது வரும்போது எல்லாம் கலைந்துவிடும். முத்துராஜவெல: காற்றில்லாத காலை, தோணியில், துடுப்பை நிறுத்திவிட்டு. பேரைவாவி: நீர்க்காகம் சிறகு காய வைக்கும் நேரம், 'சோம்பேறிகளுக்கு ஏற்றது, பிலோவைக் கூட்டிக்கொண்டு போகலாம்'. வடக்கே இருந்து வரும் பறவைகளுக்கு மார்கழியும் தையும். பங்குனி வெயில் ஏறினால் அவை போய்விடும். எங்கே போனாலும் சூரியன் தென்னைத் தலைக்கு மேல் ஏறிய நேரத்தில் இருந்து எட்டரை மணிவரை. அதன்பின் வெளிச்சம் தடித்துப் போகும், வெள்ளைப் பறவைக்கு இறகே தெரியாது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போ, நீயும் ஒரு கட்டை என்று அவை நினைக்கும்வரை.

இவ்வளவு தெரிந்த ஒருவருக்குப் படம் எடுத்த கண்ணாடித் தட்டைக் கழுவத் தெரியாது என்று ஊர் சொன்னது. சொல்ல வைத்தவள் நான்.

யுத்தம் வந்தபோது விடுதியை வெளியூருக்கு மாற்றினார்கள். நீங்களும் பிள்ளைகளோடு போக வேண்டியிருந்தது. உங்கள் படங்கள் எல்லாம் கண்ணாடித் தட்டுகளில் இருந்தன. நான்கு மரப்பெட்டிகள், பெட்டிக்குப் பன்னிரண்டு தட்டு. ரயிலில் உடைந்துவிடும் என்று என் வீட்டில் வைத்தீர்கள். "ஈரம் படாமல் பாத்துக்கொள், பிலோ. வேற ஒண்டும் செய்ய வேண்டாம்," என்றீர்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம் என்றுதானே சொன்னீர்கள்?

துறைமுகத்தில் ஜப்பான்காரரின் குண்டு விழுந்த காலை, இந்த வீடே குலுங்கியது. முன் அறையில் இருந்த ஐந்து சுரூபப் படங்களின் கண்ணாடிகளும் வெடித்துப் போயின. சாமியார் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வரும் நாள் கிட்டியது. இந்தத் தெருவில் என் முன் அறைக்கு ஒரு பெயர் உண்டு. வெடித்த கண்ணாடிக்குப் பின்னால் இயேசுவின் திருஇருதயமா? படங்களுக்குச் சட்டம் அடிக்கும் முஸ்லிம் நானாவிடம் போனேன்.

"கண்ணாடி எங்க நோனா ஈக்கிது? கப்பல் வந்தாத்தானே," என்றார். பிறகு ஏதோ நல்லது செய்கிறவர் போலச் சொன்னார்: "ஊட்டுல பழைய போட்டோக் கண்ணாடி ஈந்தா கொண்டு வாங்க. சலவைச் சோடாக் கொதிதண்ணியில போட்டா தோல் கழண்டு போகும். புதுக் கண்ணாடி தோத்துப் போகும்."

அவர் மேல் பிழையில்லை. என்னிடம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

உங்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். ஒரு கிழமையில் பதில் வந்திருக்கும். வேண்டாம் என்று பதில் வரும் என்பதால்தான் எழுதவில்லை. நாற்பத்தெட்டில் ஐந்து என்ன பெரிது என்று எனக்கு நானே சொன்னேன். மேல் பெட்டியைத் திறந்து, கைக்கு வந்த ஐந்தை எடுத்தேன். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கவில்லை. பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

கொதிநீரில் போட்டதும் படலம் முழுதாய்க் கழன்றது. அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு பறவை தட்டை விட்டு எழும்பி, கால்களும் அலகுமாய்ச் சட்டித் தண்ணீரில் மிதந்தது. அதைப் பின் வடிகானில் ஊற்றினேன். அடுத்ததையும் ஊற்றினேன். ஐந்தாவது தட்டுக்கு வரும்போது தண்ணீர் ஆறிவிட்டது. படலம் சரியாய் உரியவில்லை. துணியால் தேய்த்து, நேரே பிடித்துப் பார்த்தேன். சுத்தம்போல் இருந்தது. விட்டுவிட்டேன். அந்தக் கண்ணாடி அந்தோனியார் படத்துக்குப் போனது. சாமியார் வந்து, முன் அறை எவ்வளவு துப்புரவு என்று மெச்சினார். நான் தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

யுத்தம் முடிந்து நீங்கள் திரும்பினீர்கள். பறவைகளைப் பற்றிப் புத்தகம் போட இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் உங்கள் தாமரைக்கோழியைக் கேட்டு இங்கேயே வந்தார். நீங்கள் பெட்டியைத் திறந்தீர்கள். ஐந்து இடம் வெறுமை. தாமரைக்கோழியின் இடமும் அதில் ஒன்று. உங்கள் விரல் அந்த வெறும் பள்ளத்திலேயே நின்றது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். துரை முன்னால் சொல்ல என் வாய் வரவில்லை. "பூஞ்சணம் பிடிச்சுப் படலம் உரிஞ்சு போச்சு மச்சாள். நான்தான் எறிஞ்சனான்," என்றேன்.

துரை வருத்தத்தோடு சொன்னார்: மருந்து போகக் கழுவாத தட்டு இந்த நாட்டுக் காற்றில் நிலைக்காது. மற்றத் தட்டுகளையும் நம்ப முடியாது என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அதை நான்தான் உங்களுக்குத் தமிழில் சொன்னேன், உங்களுக்கு விளங்காதது போல.

அன்று பின்னேரம் நீங்கள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "பன்னிரண்டு தண்ணி மாத்தினனான், பிலோ. எண்ணித்தான் மாத்தினனான். பன்னிரண்டு காணாதோ?"

"என்னைக் கேட்டால்? எனக்கென்ன தெரியும்," என்றேன்.

அதன்பின் ஒவ்வொரு தட்டுக்கும் இருபத்துநான்கு தண்ணீர் மாற்றினீர்கள். இழுப்பு நோயோடு, கிணற்றடியில், விரல் வெளிறி ஊறும்வரை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தையில் மறுபடி பெல்லன்விலவுக்குப் போனீர்கள், அந்தத் தாமரைக்கோழிக்காக. மூச்சு விட முடியாமல் பாதி வழியில் திரும்பி வந்தீர்கள்.

வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீட்டில் ஒரு சீமாட்டி என்னிடம் சொன்னாள்: "பாவம், உங்கட மச்சாள் நல்லாய்த்தான் படம் எடுக்கிறவ. கழுவத்தான் தெரியேல்லையாம்." நான் அவளுக்குக் கேக் தட்டை நீட்டினேன். "இன்னொண்டு எடுங்கோ," என்றேன்.

கடைசியாய் நீங்கள் இங்கே தங்கிய காலையைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க வேண்டும். கோப்பியைக் குடித்துக்கொண்டு இருந்தீர்கள். தெருக்கதவு திறந்திருந்தது, வெயில் சாய்வாய் உள்ளே வந்தது. நீங்கள் கதிரையை இழுத்துப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு, தலையைச் சரித்து, அந்தோனியார் படத்தையே நெடுநேரம் பார்த்தீர்கள்.

"பிலோ, இந்தப் படத்தை இடம் மாத்தாதை."

"ஏன் மச்சாள்?"

"ஏழு மணி வெளிச்சம் இதில சரியாய் விழுது. ஒரு நாளைக்கு இஞ்ச வந்து இருந்து பார்."

"ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லேக்க பாக்கிறனான்தானே."

"அது நேரே. பக்கத்தால பார்."

பக்தி என்று நினைத்தேன். நீங்கள் கோப்பியை முடித்து, கோப்பையைக் கழுவி வைத்து, என் தலையைத் தொட்டுவிட்டுப் போனீர்கள். ஒருநாளும் என் தலையைத் தொட்டவர் அல்ல நீங்கள்.

போன கிழமைதான் அந்தக் கதிரையில் இருந்தேன். ஏழு மணி. வெயில் கண்ணாடியில் சாய்ந்து விழுந்தது. காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தரும் புனிதரின் மார்புக்கு மேலே, ஒரு காலைத் தூக்கியபடி, நீண்ட வாலோடு உங்கள் தாமரைக்கோழி நின்றது. மங்கலாய்த் தெரிந்தது. முதலில் என் மூச்சுப் பட்ட ஆவி என்று நினைத்தேன். தலையை நிமிர்த்தினால் இல்லை. சரித்தால் இருக்கிறது.

அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டா போனீர்கள்? ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் அன்றைக்கும் பொய்தான் சொல்லியிருப்பேன் என்றா?

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. செய்ததை மட்டும் சொல்கிறேன். துரைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். தட்டுகள் உங்கள் கையால் கெடவில்லை, என் கையால் கெட்டன என்று. மிச்சமிருக்கும் நாற்பத்துமூன்று தட்டையும் ஒவ்வொன்றாய் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பூஞ்சணம் இல்லை. பன்னிரண்டு தண்ணீர் காணும், மச்சாள். தாராளமாய்க் காணும்.

படத்தை நான் இடம் மாற்றமாட்டேன். இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் காலை ஏழு மணிக்கு வரச் சொல்வேன். சாமியார் வந்தாலும், அந்தக் கலியாண வீட்டுச் சீமாட்டி வந்தாலும் சரி. அந்தக் கதிரையில் இருத்தி, பக்கத்தால் பார்க்கச் சொல்வேன். பறவை தெரிகிறதா என்று கேட்பேன். தெரிகிறது என்று சொன்ன பிறகு, மற்ற நான்கும் எப்படிப் போயின என்று என் வாயாலேயே சொல்வேன். என் முன் அறையின் துப்புரவை மெச்ச வருகிறவர்கள் எல்லோருக்கும் அதைத்தான் காட்டுவேன்.

நீங்கள் தலை தொட்டுவிட்டுப் போன,
உங்கள் தம்பியின் மனைவி
பிலோமினா