முப்பது டிகிரித் தொட்டி

நாள் 212, காலை 7.10
செவ்வாயின் மூன்றாம் நிலையத்தில் வாழும் சகல ஜீவராசிகளுக்கும் (மொத்தம் இரண்டு) அறிவிக்கப்படுவது: நிலைய வரலாற்றில் முதன்முறையாக இட்லி மாவு புளித்தது. பதினாறு டிகிரிக் குளிரில் மாவைப் பொங்கவைத்த மேதை, பயிற்சியாளன் ரொசாரியோ, வயது பதினேழு. எங்கே வைத்தேன் என்பது தொழில் ரகசியம்.

பொறியாளர் ஜெசிந்தா அக்கா பாறை எடுக்க வண்டியில் போயிருக்கிறார்.

பகல் 1.40
கரியமில வாயு 0.9 விழுக்காடு. ஏறுகிறது.

இதைப் படிப்பவருக்கு: இங்கே காற்றைச் சுத்தம் செய்வது தொட்டியில் இருக்கும் ஒரு நொதி. சுருண்டு மடிந்த புரதச் சரம், நடுவே குழி, குழியின் அடியில் ஒரு துத்தநாக அணு. கரியமில வாயு உள்ளே விழும், தண்ணீரோடு சேரும், பைகார்பனேட்டாக வெளியேறும். நொடிக்குப் பத்து லட்சம் முறை. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில்கூட இந்த வேகத்தில் ஏறி இறங்க மாட்டார்கள்.

மாலை 4.05
ரேடியோவில் அக்கா: “ஏல ரொசாரி, நீ எதையும் நோண்டலயே?”

“இல்லக்கா. சூடு கூடி நொதி வெந்துட்டு.”

“அப்போ சூட்டக் குறைச்சிட்டு, மாத்து நொதிய அதே தொட்டில ஊத்து. அது ஒண்ணுதாம்ல இருக்கு.”

ஊற்றினேன். வாயுவின் அளவு இறங்கியது. நான் சரிசெய்துவிட்டேன் என்றேன்.

“பரவால்லல. ரெண்டாம் நிலையம் இங்கிருந்து ரெண்டு மணி நேரந்தான், ஆனா நான் அங்க போகல. ஆறு மணி நேரத்துல உங்கிட்ட வாரேன். வண்டில ஏழு மணி நேரக் காத்து இருக்கு. இட்லி தருவேல்ல?”

மாலை 5.50
3.1 விழுக்காடு. மாற்று நொதியும் செத்தது. விரல்கள் மரத்துவிட்டன. பயம் வர வேண்டிய இடத்தில் பஞ்சு.

மாலை 6.20
இன்னும் பதினைந்து நிமிடத்துக்குள் வண்டியைத் திருப்பினால்தான் அக்காவுக்கு இரண்டாம் நிலையம்வரை காற்று போதும்.

சொன்னேன். “அக்கா, இங்க வராதீங்க. மாவுச் சட்டிய நொதித் தொட்டிக்குள்ளதான் வச்சேன். அங்கதான் முப்பது டிகிரி. பொங்கி வழிஞ்சிட்டு.”

அந்தப் புளிப்பு துத்தநாகத்தைப் பிடுங்கிவிட்டது. சரம் அவிழ்ந்துவிட்டது. தொட்டியைக் கழுவியிருந்தால் மாற்று நொதி பிழைத்திருக்கும். சூடு என்று நான் சொன்னதால் அக்கா கழுவச் சொல்லவில்லை.

இரைச்சலுக்கு நடுவே: “திருப்பிட்டேம்ல.” வேறு ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

6.5 விழுக்காடு.
காலையில் மேதை என்று எழுதியதை அடித்துவிடவும். எனக்கு இட்லி ஊற்றவே தெரியாது. அக்கா வந்துதான் ஊற்றுவார் என்று