அடக்க அடக்க

மார்ச் 4, செவ்வாய்
இன்று நாற்பத்தொரு பேர் போனில் திட்டினார்கள். துணி துவைக்கும் மெஷினை விற்பவர்கள் வேறு, திட்டு வாங்குவது நான். எல்லோரையும் சமாதானப்படுத்தினேன். புகார்ப் பிரிவிலேயே பொறுமைசாலி என்று மேலாளர் எல்லோர் முன்னும் பாராட்டினார். கைதட்டல் ஓய்ந்ததும் கழிவறைக்குப் போய் அழுதேன். எதற்கு? தெரியவில்லை.

மார்ச் 9
அண்ணன் போன். மனச்சோர்வுக்கு மாத்திரை எதற்கு, மனதைக் கட்டுப்படுத்தினால் போதாதா என்று அரைமணி நேரம். கடைசியில், "நீ முயற்சியே பண்றதில்ல."
இருக்கலாம்.

மார்ச் 17
டாக்டர் ஓர் ஆய்வுக்கு அனுப்பினார். ஸ்கேன் மெஷினுக்குள் படுத்துக்கொண்டு சோகப் படங்கள் பார்க்க வேண்டும். அதை மூளை எப்படிச் சமாளிக்கிறது என்று வெளியே பார்ப்பார்களாம். ஒரு பெண் அழுகிற படம் வந்தது. நல்லவிதமாக மாற்றி யோசிக்கச் சொன்னார் ஆராய்ச்சியாளர். கல்யாணத்தில் வரும் ஆனந்தக் கண்ணீர் என்று மாற்றினேன். உடனே அந்தக் கல்யாணம் நிலைக்குமா என்று கவலை வந்துவிட்டது.

ஏப்ரல் 2
முடிவு என்ன என்று போய்க் கேட்டேன். ஒரே ஒருவருடைய ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்லக்கூடாது என்றார் ஆராய்ச்சியாளர். பிறகு மனமிரங்கினார். மூளையில் உணர்ச்சியை அடக்கும் நெற்றிப் பக்கம் ஓயாமல் உழைத்திருக்கிறது. உள்ளே பயத்தைக் கிளப்பும் பகுதியோ அடங்கவே இல்லை. மற்றவர்களுக்கு அடக்கினால் அடங்குமாம். இந்த நோயில் பலருக்கு அடக்க அடக்கக் கூடுமாம்.
"அப்போ நான் முயற்சி பண்றேனா?"
"பண்றீங்க. மத்தவங்களைவிட ரொம்ப அதிகமா."
பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். இதற்கு மட்டும் காரணம் தெரிந்தது.

ஏப்ரல் 3
அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால், அப்போ முயற்சியைக் குறைச்சுக்கோ என்பான்.

ஏப்ரல் 24
மாத்திரையை மாற்றினார்கள். வாரம் ஒருநாள் ஆலோசகர். வருகிற வருத்தத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள், வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்கிறார். அண்ணன் சொல்வான் என்று நான் பயந்ததும் ஏறக்குறைய இதுதான். கஷ்டம்.

மே 19
காலையில் எழுந்ததும் பல் தேய்த்தேன். யாரும் கைதட்டவில்லை. தட்டியிருக்கலாம்.

ஜூன் 11
அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. டீயை ஆறவிட்டான்.
"காலையில எழுந்திருக்கவே முடியலம்மா."
"எத்தனை நாளாண்ணா?"
"ஆறு மாசமா."
ஆறு மாதம். எனக்குப் புத்தி சொன்ன நாளெல்லாம் அதற்குள் அடக்கம். சமாதான வார்த்தைகள் நுனிநாக்கில் வரிசையில் நின்றன. அவற்றை அங்கேயே நிற்கவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.
நாளை லீவு. அண்ணனுக்கு மனச்சோர்வு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று மேலாளரிடம் சொன்னேன். எனக்கும் இருக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டேன்.