உன்னை விட்டாயிற்று, மாட்டைத்தான் விடவில்லை

அலுவிகாரை,
வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு.

அன்பு மகன் றுஸ்திக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம், அதாவது வாப்பாவின் சீனி வியாதியும் குறையவில்லை, என்னுடைய வாயும் குறையவில்லை, மற்றபடி சுகம். நீயும் நுஸ்லாவும் சின்னவள் அஸ்ராவும் நோய் நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இதைப் போனில் சொல்லியிருப்பேன், ஆனால் பாதியிலேயே நீ சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், வைத்துவிடுவேன். அதனால் நீ கேட்ட கடதாசியோடு சேர்த்து எழுதி அனுப்புகிறேன், ஒரே மூச்சில் வாசி.

அந்தப் பழைய சைக்கிள் வழக்கு முடிந்ததென்று கோட்டிலிருந்து அத்தாட்சிப் பிரதி வந்தால்தான் நியூசிலாந்தில் நிரந்தரமாக இருக்க விடுவார்கள், அதுவரைக்கும் ஊருக்கு வந்து போகவும் முடியாது என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அஸ்ரா என்னைப் போனுக்குள் குடியிருக்கிற பொம்பளை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதனால் வாப்பாவை இழுத்துக்கொண்டு கோட்டுக்குப் போனேன். உன் வாப்பாவைத் தெரியும்தானே, கடையில் ஊர் கேட்கக் கத்துகிற மனுஷன், அரசாங்கக் கந்தோருக்குள் கால் வைத்தால் ஊமை. அங்கே லிகிதராக இருப்பது நிரோஜா என்று எல்கடுவைப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை, நல்ல பிள்ளை. வழக்கு நம்பர் என்னங்கம்மா என்று கேட்டாள். நம்பர் அந்தப் பிரதியில் இருக்கும் மகள், அந்தப் பிரதியைத்தான் கேட்டு வந்திருக்கிறேன் என்றேன். சரி, வருஷமும் மாசமும் சொல்லுங்க, பதிவுப் புத்தகத்துல தேடுவோம் என்றாள். வருஷம் தெரியும், நீ ஏ.எல். சோதனை எழுதின வருஷம். மாசம்? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின கிழமை என்றேன். போன வருஷம் பெருநாள் ஜூனில் வந்ததை நினைத்து அவள் மே, ஜூன், ஜூலை என்று புரட்டிப் புரட்டித் தும்மினாள், நானும் பக்கத்தில் நின்று ஓ ஓ, ஜூன்தான் என்று தலையாட்டினேன். திரும்பப் போனோம், திரும்பத் தேடினாள், திரும்பத் தும்மினாள். கடைசியில் உன் வாப்பா என் காதுக்குள், மகன் இடிச்ச மாடு ரோட்டுக் கான் வெள்ளத்துலதானே உழுந்திச்சு, ஜூன்ல ஏது அப்பிடி மழை என்று முணுமுணுத்தார். அட, எங்கட மாசம் பிறையோடு ஓடுகிறது, வருஷத்துக்கு வருஷம் பெருநாள் முன்னுக்கு வருகிறது என்பது எனக்கே மறந்துபோச்சே! அவள் நவம்பரைத் திறந்தாள், நீ அங்கே இருந்தாய்.

நீ செய்தது உனக்கு மறந்திருக்காது. பிரேக் இல்லாத சைக்கிளில் இறக்கத்தில் வந்து, பெருநாளுக்கு அறுக்கிற குர்பானுக்கென்று பக்கத்து வீட்டு புஹாரி நானா வாசலில் கட்டியிருந்த மாட்டில் மோதி, அது கானுக்குள் விழுந்து நொண்டியாகி, நொண்டி மாடு குர்பானுக்குக் கூடாதே என்று மனுஷன் அழுதுகொண்டு பொலிசுக்குப் போனார். சரி, பைலை எடுத்துப் பார்த்தால் உன்னை எச்சரித்து விட்டதாக இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ் என்று எழும்பினேன். பொறுங்கம்மா, இவர விட்டாச்சு, மாட்டத்தான் விடல்ல என்றாள் நிரோஜா. மாடு வழக்குப் பொருளாம். கேட்கிற நேரம் கொண்டுவந்து காட்டுவேன் என்று புஹாரி நானா பிணையில் கையெழுத்து வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனாராம். அதன் கணக்கு முடியாமல் வழக்கு முடிந்ததென்று எழுத முடியாதாம். இப்ப மாடு எங்கேங்க என்றாள். வாப்பா கூரையைப் பார்த்தார், நான் வாப்பாவைப் பார்த்தேன். எங்கே போனது என்று உனக்குத் தெரியாதா? கோட்டு வாசலிலேயே சமாதானமாகி, இந்த நொண்டியை வைத்து நான் என்ன செய்ய என்று அவரே உன் தங்கச்சி ஸில்மியாவின் கல்யாணத்துக்குத் தந்தாரே, நீ எலும்பு வரைக்கும் உறிஞ்சினாயே. ஆட்கள் சமாதானமானால் வழக்கும் தன்பாட்டில் செத்துப்போகும் என்று நினைத்த கூட்டம் நாங்கள். வழக்குப் பொருளைத் தின்றிருக்கிறோம் மகன்!

புஹாரி நானாவுக்கு நோட்டீஸ் போனது. நீ வெளிநாட்டிலிருந்து வழக்கைத் திரும்பக் கிளப்பிவிட்டாய் என்று நினைத்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாட்டையே தந்தவன உள்ள போடப் பாக்கிறானா உங்கட மகன் என்று ஒரே சத்தம். பிளேன்டீ கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். என்ன விளங்கியதோ தெரியாது, வழக்குக் கூப்பிட்ட நாளில் பல்லேபொலயில் ஒரு மாடு வாங்கி லொறியில் ஏற்றிக் கோட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். அது வாசலில் நின்று பூச்சட்டியெல்லாம் மேய்கிறது, பொலிஸ்காரர் இதுக்கு யார் அழைப்பாணை அனுப்பினது என்று கேட்கிறார். பைலில் இருப்பது நொண்டி, இதுவோ புதுமாப்பிள்ளை மாதிரி நடக்கிறது. கொஞ்சம் நொண்டப் பழக்குவமா தங்கச்சி என்று புஹாரி நானா என்னிடம் ரகசியமாகக் கேட்டார். வாயை மூடுங்க நானா, இன்னொரு வழக்குக்கு நான் வரமாட்டேன் என்று ஏசினேன்.

கூண்டில் ஏறி, குர்ஆனில் கை வைத்ததும் மனுஷனுக்குப் பொய் வரவில்லை. ஐயா, இது அது இல்ல, அத நாங்க தின்னுட்டோம் என்றார். நாங்கள் என்றால் யார் என்று நீதவான் கேட்டார். திரும்பி எங்களைக் கை காட்டினார் பார்! மறைத்து என்ன, எழும்பி நின்று, ஓ, நானும் தின்றேன், நல்லாத்தான் இருந்தது என்றேன். அப்போது பார்த்து உன் வாப்பா, அந்த ஊமை, உப்புத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு என்றார். கந்தோரில் இத்தனை வருஷம் திறக்காத வாய்! அன்று சமைத்தது யார்? நான்தானே! கோட்டே சிரித்தது, நீதவான் பைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு, முறைப்பாட்டுக்காரரும் எதிராளி வீட்டாரும் ஒற்றுமையாக மாட்டை உண்டுவிட்டார்கள், பிணை தீர்ந்தது, வழக்கு முடிந்தது என்று கட்டளை போட்டார். எல்லாம் அப்படியே பிரதியில் இருக்கிறது, இங்கிலிஷ் மொழிபெயர்ப்பும் வைத்திருக்கிறேன். அங்குள்ள ஒபிசர் கேட்டால் உள்ளதைச் சொல், உப்பைப் பற்றி மட்டும் சொல்லாதே.

பிரதியைக் கையில் வாங்கினதும் கோட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன் மகன். கட்டணம் கூடிப்போச்சோ என்று நிரோஜா ஓடி வந்தாள். உன்னைப் பார்க்காமல் இருந்தது போதும், இனி என்னால் முடியாது, அவ்வளவுதான். புது மாட்டை வந்த விலைக்கே விற்கச் சொன்னேன், புஹாரி நானா கேட்கவில்லை. இந்தப் பெருநாளுக்கு அதுதான் குர்பான். ஒரு மாட்டுக்கு ஏழு பேர் பங்கு, அதில் ஆறுக்கு ஊரில் ஆள் சேர்ந்தாச்சு. ஏழாவது றுஸ்திக்கு, அவன் கெடுத்த குர்பான அவனே வந்து நிறைவேத்தட்டும், ஆள் வராட்டி பங்கு இல்ல என்று சொல்லிவிட்டார். மாடு இப்போது எங்கட வாசலில்தான் நிற்கிறது, என் கறிவேப்பிலை மரத்தைக் கிளை கிளையாக முடித்துக்கொண்டிருக்கிறது.

நுஸ்லாவுக்குச் சலாம் சொல், அஸ்ராவின் நெற்றியில் என் பேரால் ஒரு முத்தம் கொடு. அல்லாஹ் உங்கள் மூவரையும் ஈமானோடும் ஆரோக்கியத்தோடும் வைத்து, பெருநாளுக்கு முன் இந்த வாசலில் கொண்டுவந்து விடுவானாக. பிரதியை முத்திரை உள்ள இடத்தில் மடித்துவிடாதே. வரும்போது சந்தியில் த்ரீவீலை நிறுத்தி, இறக்கத்தில் பிள்ளையின் கையைப் பிடித்து நடந்து வா, மாடு கட்டியிருக்கிறது.

என்றும் உன் நினைப்பில்,
உம்மா,
ஸரீனா ஹஸீப்.

இந்த ஓரத்தில் வாப்பா எழுதுவது: உப்புக் கூடத்தான் மகன். கெதியா வா.