இறங்கும்போதுதான் அழும்

பிப்ரவரி 4

பட்டாணியின் அம்மாவுக்கு,

நலம்தானே? டிக்கெட் வந்து சேர்ந்ததா? தேதி போடாமல்தான் வாங்கியிருக்கிறேன். பட்டாணிக்குச் சளி விட்டதும் தேதி போட்டுக்கொள்.

முதல் விமானப் பயணம், அதுவும் கைக்குழந்தையோடு. பயப்படாதே. ஏறும்போது அவள் சும்மா இருப்பாள். இறங்கும்போதுதான் காது அடைத்து வீறிடுவாள். அப்போது பால் கொடு, விழுங்க விழுங்கக் காது திறந்துவிடும். முன்னாடியே வயிற்றை நிரப்பிவிடாதே, அப்புறம் வாயை இறுக்கிக்கொள்வாள். உனக்கும் மாற்றுத் துணி எடுத்துக்கொள். தோளில் கக்கினால் அந்தப் புளித்த வாடை எத்தனை துவைத்தாலும் போகாது.

எனக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலைதான், நாள் முழுக்க மேலும் கீழும்.

உன்னவன்


பிப்ரவரி 19

பட்டாணியின் அப்பாவுக்கு,

இதைப் போனிலேயே கேட்டிருப்பேன். ஹாலில் நின்று பேசினால் அத்தையின் காது ரிசீவருக்குள்ளேயே இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது கிளம்பிப் போனவர் நீங்கள். பெற்ற பிள்ளையைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறீர்கள். கல்யாண வீட்டில் யாராவது குழந்தையை நீட்டினால் கொதிக்கிற பாத்திரத்தைக் கண்டதுபோல் இரண்டடி பின்னால் போகிற ஆள். கக்கினால் வாடை போகாது என்று உங்களுக்கு யார் சொன்னது? எந்தச் சட்டையில் போகவில்லை?

சும்மாதான் கேட்டேன்.

பட்டாணியின் அம்மா


மார்ச் 6

அன்புள்ள போலீஸ்காரிக்கு,

இதற்குப் போய் இவ்வளவு விசாரணையா! எல்லாம் என்னோடு வேலை பார்க்கிற தடியன் சொன்னது. அவனுக்கு இரண்டு பிள்ளைகள். தினமும் புலம்புவான், கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாகிவிட்டது.

இன்னொன்று. கம்மல் போட்டுக்கொண்டு விமானம் ஏறாதே. இந்த வயதுக் குழந்தை பிடித்து இழுத்தால் காதே கையோடு வந்துவிடும்.

பட்டாணிக்கு முத்தம். சீக்கிரம் தேதி போடு.

உன்னவன்


மார்ச் 20

பட்டாணியின் அப்பாவுக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்கள். தடியனுக்குப் பெண் பார்க்கிறார்கள், மாப்பிள்ளை குண்டு என்று எல்லா இடத்திலும் தட்டிப்போகிறது என்று பொங்கிப் பொங்கிச் சிரித்து எழுதியது நீங்கள்தானே? கல்யாணமே ஆகாதவனுக்கு எங்கிருந்து வந்தன இரண்டு பிள்ளைகள்?

கம்மல் கதைக்கு வருகிறேன். உங்கள் காதில் கம்மல் இல்லை. அப்படியானால் குழந்தை இழுத்தது யார் காதை?

எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே இன்னொரு வீடு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஊரில் நடுத்தெருவில் நிற்க என்னால் முடியாது. உண்மை தெரியாமல் விமானம் ஏற மாட்டேன்.

பட்டாணியின் அம்மா


ஏப்ரல் 4

என் கண்ணுக்கு,

பொய் சொன்னது தப்புதான். முழுதும் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து அறையில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். புருஷனுக்குக் கப்பலில் வேலை. கைக்குழந்தைக்காரி. அவள் வேலைக்குப் போகிற சாயங்காலங்களில் குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். நானாகத்தான் கேட்டேன். பட்டாணி வந்து என் கைக்குத் தாவும்போது எனக்குப் பிடிக்கத் தெரியாமல் போய்விட்டால்? அந்தப் பயம் என்னைத் தின்றது.

விமானத்தை நினைத்தும் பயம். அதனால் நான் வேலை பார்க்கிற கட்டடத்துக்கு அவளையும் குழந்தையையும் அழைத்துப் போனேன். உச்சி மாடியிலிருந்து வேகமாக இறங்குகிற லிஃப்ட் அது, நமக்கே காது அடைக்கும். எப்போது பால் கொடுத்தால் அழுகை நிற்கிறது என்று இறங்கி இறங்கிப் பார்த்தோம். அப்போதுதான் அவள் கம்மலைக் குழந்தை இழுத்தது.

கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். உனக்குத் தெரிந்தால் என்ன போகும் என்று யோசித்துத்தான் மறைத்தேன். நம்பு.

உன்னவன்


ஏப்ரல் 18

பட்டாணியின் அப்பாவுக்கு,

லிஃப்டா? காதில் பூச்சுற்ற வேறு ஆளைப் பாருங்கள். பக்கத்து அறை, கப்பலுக்குப் போன புருஷன், கம்மல். எல்லாம் நன்றாகப் பொருந்தி வருகிறது, லிஃப்ட் ஒன்றைத் தவிர.

வருகிறேன். என்றைக்கு என்று சொல்ல மாட்டேன். அழைக்க வருகிறேன் என்று நாடகம் போட வேண்டாம். விலாசம் இருக்கிறது, நேராக வந்து கதவைத் தட்டுவேன். யார் திறக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, இருப்பதா திரும்புவதா என்று முடிவு செய்கிறேன். பதில் போடாதீர்கள்.

பட்டாணியின் அம்மா


மே 9
உங்கள் பக்கத்து அறையிலிருந்து

என்னவருக்கு,

விமானம் இறங்கும்போது முன்வரிசைக் குழந்தையும் பின்வரிசைக் குழந்தையும் வீறிட்டன. பட்டாணி முகம் சுளித்த அந்த நொடியில் பாட்டிலைக் கொடுத்தேன். சத்தமே இல்லை. பணிப்பெண் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நல்லாப் பழக்கம் போல" என்றாள். இவ அப்பாவுக்குத்தான் பழக்கம் என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன். பாதிச் சந்தேகம் அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதியை விடாமல் பிடித்துக்கொண்டுதான் டாக்சி ஏறினேன்.

கைக்குழந்தைக்காரி என்று வரிசையில் நிறுத்தாமல் எங்களை முதல் ஆளாக வெளியே அனுப்பிவிட்டார்கள். வாசலில் பெருங்கூட்டம். நமக்கு யார் வந்திருக்கப்போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டே நடந்துவிட்டேன்.

உங்கள் கதவைத் தட்டினேன், தட்டினேன், யாரும் திறக்கவில்லை. பக்கத்துக் கதவு திறந்தது. இடுப்பில் குழந்தை. ஒரு காதில் கம்மல், இன்னொரு காதில் தையல் போட்ட தழும்பு.

"பட்டாணி அம்மாவா? ஐயோ, அண்ணன் ஏர்போர்ட்லல்ல இருக்காரு! உங்க லெட்டர் வந்ததுலேருந்து வேலை முடிஞ்சா நேரா அங்கதான். கடைசி விமானம் வந்தப்புறம்தான் திரும்புவாரு. 'நாள் தெரியாம எதுக்குண்ணே நிக்கிறீங்க?'ன்னு கேட்டா, 'கோவமா வர்றவளுக்குப் பெட்டி தூக்க ஆள் வேணாமா?'ங்கிறாரு" என்றாள்.

அப்படியே படியில் உட்கார்ந்து அழுதேன். உங்களைப் பிடிக்க நான் இங்கே வந்து நிற்கிறேன். எங்களுக்காக நீங்கள் அங்கே நிற்கிறீர்கள்.

நேரில் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது, தெரியும்தானே. அதனால்தான் இதை உங்கள் கதவிடுக்கில் செருகுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. லிஃப்டில் இவள் குழந்தைக்குப் பாட்டெல்லாம் பாடுவீர்களாமே? எனக்கு ஒரு நாளாவது பாடியிருக்கிறீர்களா? அதை நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

பட்டாணி இங்கே தூங்குகிறாள். கை கழுவிவிட்டு வந்து தூக்குங்கள். எப்படித் தூக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் போலீஸ்காரி